பெயரில்லாத மேஜை

டிவி ரிமோட்டின் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளையும் எடுத்துத் தன் டார்ச்சில் போட்டுக்கொண்டார் என் கணவர் இசிதோரோஸ்.

"சாயங்காலம் திருப்பிப் போட்டுடறேன். திட்டாத" என்றார்.

நான் திட்டவில்லை. காபிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் படகுத்துறைக்குக் கிளம்பினார்.

அன்று நவம்பர் பதினொன்று. மாலையில் தெற்குக் காற்று எழுந்தது. ரிமோட் செத்துக் கிடந்ததால், சேனல் மாற்ற ஒவ்வொரு முறையும் நான் எழுந்து போக வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் என் மாமியார் கலியோப்பி போனில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டால் லேசில் நிற்காது. நான் டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். எங்கள் வீட்டில் சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

எங்கள் சியோஸ் தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் நடுவே கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றுக்குத் தன் சிறு படகில் காய்கறியும் தண்ணீரும் கொண்டுபோவது இசிதோரோஸின் வேலை. அக்தேயா என்ற கப்பல் ஏஜென்சியின் ஒப்பந்தத்தில் ஓட்டினார். அன்று ஒரு சரக்குக் கப்பலில் மூட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது எஞ்சின் நின்றது. அலை உள்ளே புகுந்து ரேடியோவும் போனது. மிச்சம் இருந்தவை டார்ச்சும் கைபேசியும்.

ஏஜென்சியின் விதி எல்லாப் படகோட்டிகளுக்கும் மனப்பாடம். எது நடந்தாலும் முதல் அழைப்பு, எந்நேரமும் ஆள் உட்கார்ந்து போன் எடுக்கும் ஏஜென்சியின் இருபத்துநாலு மணி நேர மேஜைக்குத்தான். இழுவைப் படகை அவர்கள் அனுப்புவார்கள். மேஜையைத் தாண்டி நேராகக் கடலோரக் காவலுக்குப் போன் போட்டவருக்கு அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது.

இழுவைப் படகு அன்று கரையில் சும்மாதான் கட்டிக் கிடந்தது. கடலோரக் காவலின் படகு தீவின் வடக்கு முனையில் வேறு வேலையில் இருந்தது. கப்பலிலிருந்து தகவல் போய், அது சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கடலில் வெளிச்சம் எதுவும் இல்லை. மறுநாள் அவரைக் கண்டெடுத்தார்கள்.

விசாரணையில் ஏஜென்சி சொன்னது: "எங்கள் மேஜையில் ஆள் இருந்தார். படகிலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை." தொலைபேசி நிறுவனம் சொன்னது: "அந்த எண்ணுக்கு அவர் திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறார். இணைப்பு ஏற்படவில்லை." கடலில் சிக்னல் கிடைத்திருக்காது என்றது ஏஜென்சி. எனக்கு அவர் போன் போடவேயில்லை. வீட்டைப் பயமுறுத்துகிற ஆள் இல்லை அவர்.

துறைமுக அதிகாரி அறிக்கையை எழுதி முடித்திருந்தார். காற்றை மதிக்காமல் போனார், யாருக்கும் தகவல் தரவில்லை, தவறு படகோட்டியுடையது. திங்கட்கிழமை கையெழுத்தாகிவிடும்.

அந்த வாக்கியத்தை மாற்றுவதற்காகத்தான் நான் துப்பறிபவரை வரவழைத்தேன்.

*

பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய லியாந்த்ரோஸ் கவதாஸ் முதலில் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். அதில் பெயர் இருந்தது, ஒரு எண் இருந்தது. கீழே ஒரு வரி: காலையில் எடுக்க மாட்டேன்.

"இந்தக் கார்டைப் பாத்துட்டு ஓடிப்போன ஆளுங்களை வெச்சு ஒரு தீவையே நிரப்பலாம்" என்றாள் அவருக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பெண். அவள் பெயர் ஆர்கிரோ. முன்பு டாக்சி ஓட்டியவள். இப்போது அவருடைய உதவியாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

"பொய் சொல்லாத கார்டு" என்றார் லியாந்த்ரோஸ்.

"சோறு போடாத கார்டு, முதலாளி."

என்னிடம் இருந்தது ஒரே ஒரு மெயில். அந்தச் சரக்குக் கப்பலின் கேப்டன் பிலிப்பைன்ஸ்காரர். தன் கப்பலின் மேல்தளத்திலிருந்து டார்ச் வெளிச்சம் தள்ளாடுவதைப் பார்த்திருக்கிறார். உடனே ஏஜென்சிக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். தானியங்கிப் பதில் வந்திருக்கிறது. அதன் பிறகுதான் கடலோரக் காவலுக்குத் தகவல் சொல்லியிருக்கிறார். அந்தத் தானியங்கிப் பதிலை, ஆறுதல் வார்த்தையோடு, பிறகு எனக்கு அனுப்பியிருந்தார். டார்ச் வெளிச்சம் கடைசிவரை மங்கவே இல்லை என்றும் எழுதியிருந்தார். நல்ல பேட்டரிகள்.

நான் வேலை பார்க்கும் நூலகத்தில், என் மேஜைமேல் குனிந்து லியாந்த்ரோஸ் திரையைப் படித்தார். 'அலுவலகம் மூடப்பட்டுள்ளது. அவசரமெனில் கீழ்க்காணும் மேஜையை அழைக்கவும்.' அதற்கும் கீழே, எல்லா வியாபார மெயிலுக்கும் அடியில் தானாக வந்து உட்காரும் சிக்னேச்சர். நீல எழுத்தில் அக்தேயா கப்பல் ஏஜென்சி. சிறிய நங்கூரப் படம். துறைமுகச் சாலை, சியோஸ். பிறகு, 24 மணி நேர மேஜை என்று ஒரு தரைவழித் தொலைபேசி எண்.

"அழகா இருக்கு" என்றார் லியாந்த்ரோஸ். "இதுல என்ன இல்ல, ஆர்கிரோ?"

"ஈவு இரக்கம்."

"அதை விடு."

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். "ஆள் இல்ல. ஒரு மனுஷன் பேர்கூட இல்ல."

"மேஜை போனை எடுக்காது. யாரோ ஒரு ஆளு எடுக்கணும். அந்த ஆளு அன்னைக்குச் சாயங்காலம் யாரோடயோ பேசிட்டிருந்திருக்கான்."

"சிக்னல் இல்லைன்னு சொல்றாங்களே?" என்றேன்.

"சிக்னல் இல்லைன்னா, மார்கெல்லா மேடம், உங்க வீட்டுக்காரர் முயற்சி பண்ணினதே தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிஞ்சிருக்காது. அவர் குரல் கரைவரைக்கும் வந்திருக்கு. அந்தப் பக்கம்தான் கதவு சாத்தியிருக்கு. யாரு சாத்தினாங்கன்னு பாப்போம்."

இத்தனை நாளில் ஒருவர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லை. 

*

ஏஜென்சி முதலாளி ஸானிஸ் எங்களை மறுப்பில்லாமல் வரவேற்றார். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "சகோதரி, எது வேணும்னாலும் கேளுங்க" என்றார். அவர் அறையின் சன்னல் வழியே இழுவைப் படகு தெரிந்தது. நான் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

"உங்க சிக்னேச்சர் ரொம்ப நல்லா இருக்கு" என்று ஆரம்பித்தார் லியாந்த்ரோஸ்.

ஸானிஸின் முகம் மலர்ந்தது. வேறு எதையோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்த முகம். "ஏதென்ஸ்லேர்ந்து ஒருத்தரை வரவழைச்சுப் பண்ணினோம். போன கோடையிலதான். முன்னாடி எப்படி இருந்துச்சு தெரியுமா?" கணினியில் தேடி ஒரு பழைய மெயிலைத் திறந்து காட்டினார்.

அதன் அடிப்பாகம் ஒரு சந்தைபோல இருந்தது. ஸானிஸ், அவர் கைபேசி எண். எடுக்கவில்லை என்றால் அவர் தம்பி, அவர் எண். இழுவைப் படகு ஓட்டுகிறவர், அவர் எண். கடைசியில்: யாரும் எடுக்காவிட்டால் படகுத்துறை சாப்பாட்டுக் கடைக்குப் போன் போடவும், எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

"இது வியாபாரக் கடிதமா, கல்யாணப் பத்திரிகையான்னு கேட்டான் அந்த ஏதென்ஸ்காரன். மானம் போச்சு. கைபேசி எண்ணைப் போட்டா ஒத்தை ஆளு நடத்துற கடைன்னு நெனப்பாங்களாம். ஆளுங்க பேர் போட்டா சின்ன ஊர்னு நெனப்பாங்களாம். ஒரு நிறுவனம், ஒரு மேஜை, ஒரு தரைவழி எண். அப்பதான் வெளிநாட்டுக்காரன் மதிப்பான்னான்."

"மதிச்சாங்களா?"

"ரெண்டு புது கம்பெனி வந்துச்சு."

அந்த நேரத்தில் ஆர்கிரோ தன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அணைத்துப் பைக்குள் போட்டாள். "முதலாளி, இந்த அலுவலகத்துல மேஜைங்க எல்லாம் ஊமை. நான் இருபத்துநாலு மணி நேர மேஜைக்குப் போட்டேன். அங்க மணி அடிக்குது. இங்க ஒரு சத்தமும் இல்ல."

ஸானிஸ் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "மேஜை வேற இடத்துல இருக்கு. அது நிறுவனத்தோட உள் விஷயம். விசாரணையில சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு."

"யார் அந்த ஆளு?"

"மேஜை" என்றார் ஸானிஸ்.

*

படியிறங்கி வெளியே வந்ததும் ஆர்கிரோ மறுபடி அந்த எண்ணை அழைத்து, போனின் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அக்தேயா. இருபத்துநாலு மணி நேர மேஜை" என்றது ஒரு வயதான குரல், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல.

"கூரியர்லேர்ந்து பேசறோம். மேஜைக்கு ஒரு பார்சல். துறைமுகச் சாலைக்குக் கொண்டு வரவா?"

"சேச்சே, அங்க எதுக்கு? யாரும் இருக்க மாட்டாங்க." ஒப்பித்த குரல் போய் வீட்டுக் குரல் வந்துவிட்டது. "வ்ரொந்தாதோசுக்கு வாங்க. சர்ச்சுக்குப் பின்னாடி, நீலக் கதவு. நான் தோட்டத்துல இருந்தா பேக்கரியில குடுத்துடுங்க, அவங்க வாங்கி வெப்பாங்க. சாப்பிட்டீங்களா? மத்தியானம் வந்தா பீன்ஸ் சூப் இருக்கு."

ஆர்கிரோ போனை வைத்தாள். கிண்டல் செய்ய வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். தெருமுனைக்கு வந்த பிறகுதான் சொன்னாள்: "கொலைகாரனோட மறைவிடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்னு நெனச்சேன். இவர் சூப்போட கூப்பிடறாரு."

வாடகைக் காரில் வடக்கே இருக்கும் அந்த ஊருக்குப் போனோம். லியாந்த்ரோஸ் முன் இருக்கையில் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தார். தரைவழி போன். பழைய கருவி, ஒருவர் பேசும்போது இன்னொருவர் நுழைய முடியாது. மாலை முழுக்க ஒருவன் அதில் பேசியிருக்கிறான் என்றால் அது காதல், கடத்தல், சூது இந்த மூன்றில் ஒன்று.

"அந்தக் குரலுக்குக் காதலா? பல் செட்டைக் கழட்டி வெச்சுட்டா?" என்றாள் ஆர்கிரோ.

"அப்ப கடத்தல். துருக்கிக் கரை எதிர்லதான் இருக்கு. இசிதோரோஸ் அன்னைக்குக் கடல்ல எதையோ பாத்துட்டார்னு வெச்சுக்கோ. அவர் கூப்பிடுவார்னு தெரிஞ்சே ஒருத்தன் வழியை அடைச்சு வெச்சிருக்கலாம்."

அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அவரை யாரோ வேண்டுமென்றே கைவிட்டார்கள் என்று இருந்தால், வெறுக்க எனக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும்.

நீலக் கதவுக்கு முன்னால் இறங்கினோம். ஆர்கிரோ அழைப்புமணியை அழுத்த விரலை நீட்டினாள். விரல் பாதியில் நின்றது.

கதவில் ஒரு பித்தளைத் தகடு. மினாஸ் கோந்தோஸ்.

ஆர்கிரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "முதலாளி, அது என்ன தேதி?"

"நவம்பர் பதி..." லியாந்த்ரோஸ் முடிக்கவில்லை.

நவம்பர் பதினொன்று புனித மினாசின் திருநாள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குப் பிறந்தநாள் வந்து போவது யாருக்கும் தெரியாமல் போகலாம். அவர் பெயர் கொண்ட புனிதரின் நாள், அதாவது அவருடைய பேர்நாள், அப்படிப் போகாது. அன்று அவருக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் போன் போட்டு வாழ்த்துவார்கள். போடாவிட்டால் மனஸ்தாபம். நவம்பர் பதினொன்றில் ஒரு மினாசின் போன் ஒழிந்திருக்கும் என்று இந்தத் தீவில் குழந்தைகூட எதிர்பார்க்காது.

"பேர் மட்டும் போட்டிருந்தா..." என்றார் லியாந்த்ரோஸ். கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மெயிலுக்குக் கீழ 'மினாஸ்'னு ஒரு வார்த்தை இருந்திருந்தா, உங்க வீட்டுக்காரர் ஒரு தரம் போட்டுப் பாத்திருப்பார். எங்கேஜ்டுன்னதும் தலையில அடிச்சுக்கிட்டு வேற யாரையாவது கூப்பிட்டிருப்பார். ஆனா அவர் கூப்பிட்டது மேஜையை. வரிசையா ஆளுங்க உக்காந்திருக்கிற மேஜை, இதோ இப்ப ஒழிஞ்சிடும்னு நெனச்சிருக்கார். மேஜைக்கு ஏது பேர்நாள்?"

அவருடைய காதல், கடத்தல், சூது மூன்றும் அந்த வாசற்படியிலேயே கிடந்தன. யாரும் அவற்றைத் திரும்ப எடுக்கவில்லை.

கதவு தானாகத் திறந்தது. "பார்சலா?" என்றார் மினாஸ்.

*

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "கலியோப்பியோட மருமக இல்ல நீ? வாம்மா, வா. நானும் உங்க அத்தையும் ஒரே பள்ளிக்கூடம். துக்கத்துக்கு வந்தேன், கூட்டத்துல நீ கவனிச்சிருக்க மாட்ட." சமையலறையில் உட்காரவைத்தார். எங்கள் தீவு மரத்துப் பிசினில் செய்யும் வெள்ளை மஸ்திஹா இனிப்பை ஆளுக்கொரு கரண்டி நிறைய எடுத்து, கரண்டியோடு குளிர்ந்த தண்ணீர் டம்ளரில் போட்டு நீட்டினார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

சுவரில் பச்சை நிறத் தொலைபேசி, சுருண்ட நீளமான வயரோடு. அதற்கு மேல் ஒட்டிய சீட்டில், பெரிய எழுத்தில், அவர் ஒப்பித்த வாக்கியம்.

"முப்பது வருஷமா இருக்கிற வீட்டு போன்மா. துறைமுகத்துல கணக்கரா இருந்து ஓய்வு வாங்கினேன். சாயங்காலம் சும்மாதானே இருக்கீங்க, எடுத்துப் பேசுங்கன்னு ஸானிஸ் கேட்டார். பேரைச் சொல்லக் கூடாது, அது ஒண்ணுதான் கண்டிஷன்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "உன் வீட்டுக்காரன் போன அன்னைக்கு நான் இந்த நாற்காலியை விட்டு நகரல. பாத்ரூமுக்குக்கூடப் போகல. படகுலேர்ந்து ஒரு போன்கூட வரலம்மா. சிலுவை மேல சத்தியம்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

"அன்னைக்கு வேற யாரெல்லாம் கூப்பிட்டாங்க, ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார் லியாந்த்ரோஸ்.

அந்தத் துயரத்துக்கு நடுவிலும் கிழவரின் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "யார் கூப்பிடலைன்னு கேளுங்க. பாதிரியார் கூப்பிட்டார். ஸானிஸ் முதலாளியே கூப்பிட்டார், மகளுக்கு நிச்சயம் பண்ணின கதையை முழுசா சொன்னார். துறைமுக அதிகாரி, அவரோட சம்சாரம். பேக்கரிக்காரங்க பக்கத்துலேர்ந்தே போன் போடறாங்க, பாருங்க கூத்தை. கடைசியா உங்க அத்தை, மார்கெல்லா. வாத்தியாரோட கழுதையைச் சர்ச்சுக்குள்ள கட்டினோமே, அந்தப் பழைய கதை. அவ சிரிச்ச சிரிப்புல எனக்கு இருமலே வந்துடுச்சு."

டம்ளருக்குள் இனிப்பு கரைந்துகொண்டிருந்தது. எனக்கு டிவியின் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் அத்தையின் சிரிப்பும்.

சுவர் போன் மணியடித்தது. மினாஸ் எழுந்து எடுத்தார். "அக்தேயா, இருபத்து... அட, நீயா! வெயிட் பண்ணு, வீட்டுல ஆளு வந்திருக்காங்க. ஏதென்ஸ்ல குளிர் எப்படி? முட்டி வலி?" அவர் தங்கை போலிருக்கிறது. பேச்சு முட்டி வலியிலிருந்து மருந்துக்குப் போனது.

ஆர்கிரோ தன் கைபேசியை மேஜைமேல் வைத்தாள். அந்த எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைத் திறந்தாள்.

டூ. டூ. டூ. டூ.

அந்தச் சின்ன சமையலறையில் அது நிற்காமல் கேட்டது. மினாஸ் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து தங்கையின் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்தார். ஆர்கிரோ டூ சத்தத்தை நிறுத்தினாள்.

"நான் நகரவே இல்லையேம்மா" என்றார் என்னிடம். நாற்காலியைக் காட்டினார். "இங்கயேதான் இருந்தேன்."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. 

*

வெளியே கடல் அமைதியாக இருந்தது. பழைய காற்றாலைகளின் பக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னார் லியாந்த்ரோஸ்.

"மேடம், நீங்க ஜெயிச்சாச்சு" என்றார். அப்படிச் சொல்கிறவரின் முகமாக அது இல்லை. "திங்கட்கிழமைக்குள்ள மினாசோட லைன் விவரத்தைக் கேட்டு வாங்கிடலாம். அன்னைக்கு எந்த எண்ணு, எப்ப, எத்தனை நேரம்னு எல்லாம் வரும். உங்க வீட்டுக்காரர் முயற்சி பண்ணின ஒவ்வொரு நேரத்துலயும் அந்த லைன் அடைபட்டிருந்துச்சுன்னு நிரூபிச்சா, தகவல் தரலைங்கிற வார்த்தை நிக்காது. ஸானிஸ் பதில் சொல்லியாகணும். அந்த அதிகாரியும்."

"ஆனா?" என்றாள் ஆர்கிரோ.

அவர் காற்றாலைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதனால் நான் சொன்னேன். "கடைசி எண்ணு எங்க வீட்டு எண்ணு."

இசிதோரோஸின் கடைசி முயற்சிகள் எல்லாம் அத்தையின் சிரிப்பில் மோதித்தான் திரும்பியிருக்கின்றன. அந்த அறிக்கையைத் தீவு முழுக்கப் படிப்பார்கள். எண்கள் வாசிக்கப்படும்போது அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். மகனின் பெயரை மீட்க அம்மாவைக் கொடுக்க வேண்டும்.

"அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள் ஆர்கிரோ.

"இருந்தா கேட்டிருப்பேன்."

அவள் என் தோளில் கை வைத்தாள். அன்று மாலைவரை அவள் வேறு எந்த நகைச்சுவையும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை, லியாந்த்ரோஸின் பையிலிருந்து விழுந்த கார்டை எடுத்துக் கொடுக்கும்போது, "இனிமே இதைக் கேலி பண்ண மாட்டேன், முதலாளி. எப்ப இருக்க மாட்டீங்கன்னாவது இது சொல்லுது" என்றாள்.

வீட்டில் அத்தை எனக்காகக் காத்திருந்தார். கறுப்பு முக்காட்டைக்கூட எடுக்கவில்லை. "அந்தத் துப்பறியறவர் கண்டுபிடிச்சாரா? யார் அந்தப் பாவி? என் பையன் கூப்பிடக் கூப்பிட எடுக்காதவன்? பேரைச் சொல்லு. நானே போய் அவன் வாசல்ல நின்னு கத்தறேன்."

"இன்னும் தெரியல அத்தை" என்றேன். சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

*

மறுநாள் ஸானிஸின் அறைக்கு நான் போனேன். லியாந்த்ரோஸ் கதவோரம் நின்றார். எல்லாவற்றையும் அவரே சொன்னார்: வ்ரொந்தாதோஸ், பச்சை போன், பேர்நாள், நிச்சயதார்த்தக் கதை. கடைசி எண்ணை மட்டும் சொல்லவில்லை. ஸானிஸின் கை பேனாவைத் தேடி, கிடைக்காமல், மேஜைமேல் கிடந்தது.

"அறிக்கை இருக்கிறபடியே கையெழுத்தாகட்டும்" என்றேன். "எனக்கு ஒண்ணு மட்டும் போதும். அந்த எண்ணை மெயிலுக்குக் கீழேர்ந்து எடுத்துடுங்க. பழையபடி ஆளுங்க பேரைப் போடுங்க. சாப்பாட்டுக் கடையோட எண்ணையும்."

"இன்னைக்கே, சகோதரி" என்றார் ஸானிஸ். நெஞ்சில் கை வைத்தார். அவர் கண்கள் நனைந்திருந்தன. அது நடிப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. "இன்னைக்கே எடுத்துடறேன்."

கப்பல் கிளம்பும்போது ஆர்கிரோ மேல்தளத்திலிருந்து கையசைத்தாள். லியாந்த்ரோஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கப்பல் கண்ணுக்கு மறையும்வரை நின்றார். திங்கட்கிழமை அதிகாரி கையெழுத்துப் போட்டார். யாருக்கும் தகவல் தரவில்லை என்ற வாக்கியம் அப்படியே இருக்கிறது.

ஈஸ்டர் நெருங்கும்போது அத்தை குறைப்பட்டுக்கொண்டார். "அந்த மினாசுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. வீட்டு போனைச் சுவத்தோட பிடுங்கிப் போட்டுட்டானாம். லைனையே வேண்டாம்னுட்டானாம். இனிமே அவனோட எப்படிப் பேசறது?"

இசிதோரோஸின் ஆறாம் மாத நினைவுப் பூசைக்கு ஏஜென்சி மலர்வளையம் அனுப்பியது. அதற்கு முன்பாக எனக்கு ஒரு மெயிலும் வந்தது. எங்கள் ஆழ்ந்த மரியாதையுடன் என்று முடிந்திருந்தது. அந்தப் படகுத்துறையிலிருந்து இப்போது வேறு ஒருவர் கப்பல்களுக்குக் காய்கறி கொண்டுபோகிறார். நான் மெயிலின் அடிப்பாகத்துக்கு இறங்கிப் பார்த்தேன்.

நீல எழுத்தில் அக்தேயா கப்பல் ஏஜென்சி. சிறிய நங்கூரம். துறைமுகச் சாலை, சியோஸ். 24 மணி நேர மேஜை. அதே எண்.